முதல் வரியின் கதை: கழுகுமலைக் கல்லிலிருந்து கைப்பேசி வரை

ஆடித் தபசு நாளில் நீங்கள் சங்கரன்கோவிலுக்குச் சென்றதுண்டா? தென்காசி மாவட்டத்தில் உள்ள ஊர் இது. 2019ஆம் ஆண்டு வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அரியும் அரனும் ஓருருவாக நிற்கும் சங்கரநாராயணர் கோயிலால் பெயர் பெற்றது. அத்திருக்கோலத்தைக் காண்பதற்காகக் கோமதி அம்மன் தவமிருந்ததை நினைவூட்டும் விழாவே ஆடித் தபசு. அன்று கோயிலைச் சுற்றிய தெருக்களில் கால் வைக்க இடமிராது. ஒருபுறம் நாகசுரம்; மறுபுறம் ராட்டினத்தின் கிறீச்சொலி; வளையல்காரர், பொரிகடலைக்காரர், பலூன்காரர் ஆகியோரின் கூவல். இவை எல்லாவற்றிற்கும் மேலே ஒலிபெருக்கிகள்.

இந்தக் கூட்டத்தில் ஒரு குழந்தை தாயின் கையை விட்டுப் பிரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாரோ ஒருவர் அதைத் தூக்கிவந்து ஒலிபெருக்கியில் அறிவிப்பவரிடம் சேர்க்கிறார். அவர் இரண்டு விதமாக அறிவிக்கலாம்.

“திருவிழாவிற்கு வருகை தந்துள்ள பக்தகோடிப் பெருமக்களுக்கு ஓர் அன்பான வேண்டுகோள். பெற்றோர்கள் தத்தம் குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். இங்கே ஒரு சிறுவன்…” என்று தொடங்குவது ஒரு விதம். “மாரிமுத்து, ஐந்து வயது, பச்சைச் சட்டை. அம்மாவைத் தேடி அழுதுகொண்டிருக்கிறான்” என்று தொடங்குவது மற்றொரு விதம்.

முதல் அறிவிப்பு காற்றோடு போய்விடும். இரண்டாவது அறிவிப்பு, வளையல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஒரு பெண்ணின் காதைச் சென்று பற்றும். செய்தி ஒன்றுதான், தொடக்கம்தான் வேறு.

இன்று முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதுவோர், முதல் வரியிலேயே படிப்பவரைப் பிடித்து நிறுத்துவது எப்படி என்று ஆராய்கின்றனர். அதற்குப் பயிற்சி வகுப்புகள் கூட நடைபெறுகின்றன. இதைப் புதியதொரு கலை என்று பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இதன் வரலாறு நம் நாட்டில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அந்த வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம். பார்க்கும்போது ஒரு கேள்வியை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்த முதல் வரி யாருக்காக உழைக்கிறது?

கல்லில் எழுதிய முதல் வரி

சங்கரன்கோவிலிலிருந்து கிழக்கே கோவில்பட்டிச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் சென்றால் கழுகுமலை வரும். அங்கே பாறையின் முகத்தில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்கள் வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அவற்றின் கீழே வட்டெழுத்தில் ஏறத்தாழ நூறு சிறு கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றின் அமைப்பு மிக எளியது. ‘ஸ்ரீ’ என்னும் மங்கலக்குறி; பிறகு ஊர்ப்பெயர்; பிறகு ஆள் பெயர்; இவர் செய்வித்த திருமேனி இது என்னும் முடிவு. அவ்வளவுதான். செய்வித்தவர்களுள் துறவியரும் உண்டு, கைவினைஞரும் உண்டு. கல்லில் ஓர் எழுத்தை வெட்டுவதற்கு உளியும் நேரமும் கூலியும் வேண்டும். ஆகவே வீண்சொல்லுக்கு அங்கே இடமில்லை. எழுத்தின் விலை ஏறும்போது செய்தி முன்னே வந்துவிடுகிறது. இந்த விதியை நினைவில் வையுங்கள். பின்னால் மீண்டும் சந்திப்போம்.

அரசர்களின் கல்வெட்டுகளோ வேறு வகை. அவர்களுக்குக் கூலியைப் பற்றிக் கவலையில்லை. கி.பி. 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராச சோழன், தன் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் மெய்க்கீர்த்தி என்னும் புகழ்மாலையைப் பொறிக்கச் செய்தான். திருமகளையும் நிலமகளையும் முன்னிறுத்தித் தொடங்கும் அது, மன்னன் வென்ற நாடுகளை அடுக்கிக்கொண்டே போகும். கோயில் விளக்குக்கு எத்தனை ஆடு கொடுத்தார்கள், நிலத்தின் எல்லை எது என்னும் உண்மையான செய்தி அதற்குப் பின்னரே வரும். புதிய வெற்றிகள் சேரச் சேர மெய்க்கீர்த்தி நீண்டது.

இன்று படிக்கும்போது இது அலுப்பைத் தரலாம். ஆனால் வரலாற்றறிஞர்களுக்கு இந்தத் தொடக்கம் ஒரு புதையல். சோழ மன்னர்கள் ‘இராசகேசரி’, ‘பரகேசரி’ என்னும் பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டனர். பட்டத்தை மட்டும் கொண்டு இன்ன மன்னன் என்று சொல்ல இயலாது. மெய்க்கீர்த்தியின் முதற்சொற்களோ மன்னனைக் காட்டிக்கொடுத்துவிடும். வெற்றிப் பட்டியலின் நீளத்தைக் கொண்டு அக்கல்வெட்டின் காலத்தையும் ஓரளவு கணிக்கலாம். ஒரு மன்னனின் கைரேகையைப்போல முதல் வரி நின்றுவிட்டது.

அது யாருக்காக உழைத்தது? ஐயமில்லை, மன்னனுக்காக.

ஏட்டுச் சுவடியும் கடிதமும்

புலவர்கள் முதல் சொல்லுக்கு இலக்கணமே வகுத்தனர். பாட்டியல் நூல்கள் பத்துப் பொருத்தங்களைக் கூறுகின்றன. அவற்றுள் முதலாவது மங்கலப் பொருத்தம். சீர், திரு, மணி, உலகு, கடல், மலை போன்ற மங்கலச் சொற்களுள் ஒன்று நூலின் தொடக்கத்தில் அமைய வேண்டும். எழுத்துப் பொருத்தம், நாட்பொருத்தம் என்று திருமணத்திற்குப் பார்ப்பதுபோலவே பாட்டுடைத் தலைவனின் பெயரோடு முதல் சொல்லைப் பொருத்திப் பார்த்தனர். தொடக்கம் பழுதானால் தலைவனுக்குத் தீங்கு நேரும் என்று நம்பினர். நம்பிக்கை எப்படியிருப்பினும், முதல் சொல்லுக்கு வலிமை உண்டு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் அல்லவா?

ஓலைச்சுவடியில் இன்றைய நூல்களைப்போல் தலைப்புப் பக்கமோ பொருளடக்கமோ கிடையாது. சொற்களுக்கிடையே இடைவெளி விடும் வழக்கமும் இல்லை. ஒரு பாட்டை அடையாளம் காண அதன் தொடக்கமே சிறந்த துணை. இன்றும் சங்க இலக்கியப் பதிப்புகளின் இறுதியில் ‘பாட்டு முதற்குறிப்பு அகராதி’ இருப்பதைக் காண்கிறோம். பாட்டுக்கு முகவரி அதன் முதற்சொல்.

பிறகு அஞ்சல் வந்தது. நம் தாத்தா பாட்டி காலத்துக் கடிதங்களை எடுத்துப் பாருங்கள். மேலே பிள்ளையார் சுழி. “நலம், நலமறிய ஆவல்” என்று தொடக்கம். பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசி, மழை, விளைச்சல், மாட்டின் நலம். எல்லாம் முடிந்து மூன்றாம் பக்கத்தில்தான் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்த செய்தி வரும். இதைக் குறை என்று கூறமாட்டேன். கடிதத்திற்குப் போட்டியாளர் இல்லை. வீடு முழுவதும் கூடி அதை ஒருமுறைக்கு இருமுறை படித்தது. கவனம் ஏராளமாகக் கிடைத்த காலத்தில் முதல் வரி மெல்ல நடந்துவரலாம்.

கம்பியில் ஓடிய முதல் வரி

அந்த நடையை மாற்றியது தந்தி. இந்தியாவில் 1850ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனைத் தந்திக் கம்பி போடப்பட்டது. சில ஆண்டுகளில் பொதுமக்களும் தந்தி அனுப்பத் தொடங்கினர். 2013 ஜூலையில் அச்சேவை நிறுத்தப்படும் வரை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் அது இயங்கியது. தந்திக்குக் கட்டணம் சொல் கணக்கில். “நலம், நலமறிய ஆவல்” என்பதற்கும் காசு. ஆகவே நலம் விசாரிப்பு மறைந்தது; செய்தி மட்டும் எஞ்சியது. கழுகுமலைக் கல்லில் நாம் கண்ட அதே விதி!

தந்தி என்றாலே சாவுச் செய்திதான் என்று கிராமத்தார் அஞ்சியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். உறையைப் பிரிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும். சொல் குறையக் குறைய அதன் எடை கூடுகிறது.

தந்திக் கம்பி செய்தித்தாளின் நடையையும் மாற்றியது. 1865 ஏப்ரலில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் லிங்கன் நாடக அரங்கில் சுடப்பட்டபோது, அசோசியேட்டட் பிரஸ் செய்தியாளர் லாரன்ஸ் கோப்ரைட் முதலில் அனுப்பியது மிகச் சுருக்கமான ஒரு தந்தி: தலைவர் சுடப்பட்டார், பிழைப்பது அரிது என்னும் செய்தி மட்டும். விவரங்கள் பின்னர் வந்தன. முக்கியமானதை முதலில் கூறி, குறைந்த முக்கியத்துவம் உடையவற்றை ஒன்றன்பின் ஒன்றாக வைக்கும் இம்முறை உடனே எங்கும் பரவிவிடவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிறகே நிலைபெற்றது. இதற்குத் ‘தலைகீழ்ப் பிரமிடு’ என்று பெயர். அகன்ற அடித்தளம் மேலே, கூர்முனை கீழே. இடம் போதாவிட்டால் அச்சுக்கோப்பவர் கீழிருந்து வெட்டிக்கொண்டே வரலாம்; செய்தி சாகாது.

தேநீர்க் கடைத் தலைப்பு

தமிழில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் சுதேசமித்திரனை வார இதழாகத் தொடங்கினார். 1899இல் அது நாளிதழாயிற்று. அதே 1882இல் எட்டயபுரத்தில் பிறந்த பாரதியார், 1904இல் அவ்விதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார். ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவது அவருடைய பணிகளுள் ஒன்று. 1906இல் தொடங்கப்பெற்ற ‘இந்தியா’ வார இதழில் அவர் கருத்துப்படங்களையும் வெளியிட்டார். எழுத்தறியாதவரையும் பிடித்து நிறுத்தும் ‘முதல் வரி’ படம்தானே!

1942 நவம்பர் முதல் நாள் மதுரையிலிருந்து ஒரு நாளிதழ் வெளிவந்தது. இங்கிலாந்தில் சட்டம் பயின்று திரும்பிய சி. பா. ஆதித்தனார் தொடங்கிய ‘தந்தி’ அது, பின்னாளில் ‘தினத்தந்தி’. பெயரே கூறுகிறது, விரைவும் சுருக்கமும் அதன் நோக்கம் என்று. பேச்சு வழக்குக்கு நெருங்கிய சிறு சிறு சொற்கள், பெரிய எழுத்தில் தலைப்பு, ஏராளமான படங்கள். 1951 மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுத்தறிந்தோர் 18 விழுக்காட்டினரே. தேநீர்க் கடைப் பலகையில் ஒருவர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் கேட்டனர். நீண்ட வாக்கியத்தை உரக்கப் படித்தால் மூச்சு முட்டும். கேட்பவருக்கும் தலை சுற்றும். ஆகவே செவிக்கு ஏற்ற தலைப்புகள் வளர்ந்தன.

அத்துடன் மற்றொன்றும் வந்தது: கடை வாசலில் தொங்கும் செய்திச் சுவரொட்டி. பேருந்து நிலையத்தில் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு மூன்று சொற்கள், பெரிய எழுத்து. அதில் பாதிச் செய்தி மட்டும் இருக்கும். மீதிப் பாதிக்குக் காசு கொடுத்துத் தாள் வாங்க வேண்டும். இங்கே முதல் வரியின் வேலை நுட்பமாக மாறிவிட்டதைக் கவனியுங்கள். தந்தியின் முதல் வரி செய்தியைத் தந்தது. சுவரொட்டியின் முதல் வரி செய்தியைக் காட்டி மறைத்தது. ஒன்று பெறுநருக்காக உழைத்தது. மற்றது விற்பனைக்காகவும் உழைத்தது. இருப்பினும் தாளை வாங்கியவர் ஏமாந்துவிட்டால் மறுநாள் வாங்கமாட்டார். அந்த அச்சம் ஒரு கடிவாளமாக இருந்தது.

காதும் கண்ணும் கூறுவதென்ன?

முதல் வரி ஏன் இப்படி வேலை செய்கிறது? அறிவியலர்கள் கூறுவதைக் கேட்போம்.

1953இல் பிரிட்டிஷ் அறிவியலர் காலின் செர்ரி ஒரு சோதனை செய்தார். காதணிக் கருவியை மாட்டி, இடக்காதில் ஒரு பேச்சையும் வலக்காதில் வேறொரு பேச்சையும் ஒலிக்கச் செய்தார். ஒன்றை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொல்லுமாறு கேட்டுக்கொண்டார். மற்றக் காதில் என்ன பேசப்பட்டது என்பது பெரும்பாலோர்க்குத் தெரியவில்லை. 1959இல் நெவில் மொரே இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். கவனிக்காத காதில் கேட்பவரின் சொந்தப் பெயரை ஒலிக்கச் செய்தார். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அதைக் கேட்டுவிட்டனர்! மூளை கதவை அடைத்திருந்தாலும் தனக்குரியதற்கு ஒரு சாளரத்தைத் திறந்து வைத்திருக்கிறது. ஆடித் தபசுக் கூட்டத்தில் ‘மாரிமுத்து’ என்னும் பெயர் தாயின் செவியில் விழுந்தது இப்படித்தான். மகனின் பெயர் தாய்க்குத் தன் பெயரினும் பெரிதல்லவா!

கண்ணின் கதையும் சுவையானது. நாம் படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதாக எண்ணுகிறோம். அப்படியன்று. பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ஜவால் 1879இல் கண் தத்தித் தத்திச் செல்வதை விளக்கினார். ஒரு தத்தலுக்கும் அடுத்த தத்தலுக்கும் இடையே சுமார் கால் நொடி கண் நிற்கிறது. அந்த நிறுத்தத்தில்தான் எழுத்தைப் பார்க்கிறோம். ஆகவே ஒரு வரியைப் படிக்க நாலைந்து நிறுத்தங்கள், ஒன்றிரண்டு நொடிகள். அதற்குள் ‘இது எனக்கா?’ என்னும் தீர்ப்பைப் பெரும்பாலும் வழங்கிவிடுகிறோம்.

ஆர்வத்தைப் பற்றி 1994இல் ஜார்ஜ் லோவன்ஸ்டைன் ஒரு கருத்தை வெளியிட்டார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் இடையே ஓர் இடைவெளி இருப்பதை உணரும்போது, அரிப்பைப்போல் ஒரு தவிப்பு தோன்றுகிறது. அதைத் தீர்க்கத் துடிக்கிறோம். விடுகதை போடும் பாட்டி இதை அறிவாள். ‘தொடரும்’ என்று நிறுத்தும் தொடர்கதை ஆசிரியரும் அறிவார். ஆனால் விடுகதைக்கு விடை உண்டு. விடையில்லாத விடுகதை போடுபவரிடம் யாரும் இரண்டாம் முறை போகமாட்டார்கள்.

கைப்பேசித் திரையில்

இனி நம் காலத்திற்கு வருவோம். கைப்பேசிக் குறுஞ்செய்தியின் அளவை வகுக்க முனைந்த ஜெர்மானியப் பொறியாளர் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லபிராண்ட், 1985இல் தட்டச்சுப் பொறியில் பலவகை வாக்கியங்களை அடித்து எண்ணிப் பார்த்தார். பெரும்பாலானவை 160 எழுத்துக்குள் அடங்கின. அதுவே அளவாயிற்று. ஆனால் தமிழுக்கு அந்தக் கணக்கு பொருந்தவில்லை. ரோமன் எழுத்து ஒன்றுக்கு 7 துகள்கள்; 160 எழுத்துக்கு 1120 துகள்கள். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கோ 16 துகள்கள் வேண்டும். 1120ஐ 16ஆல் வகுத்தால் 70 இடங்களே. மேலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம். ‘சங்கரன்கோவில்’ என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். நமக்கு எட்டு எழுத்து. கருவிக்குப் பதின்மூன்று இடம்! ஆகவே தமிழில் ஒரு குறுஞ்செய்தி நாற்பது எழுத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். மீண்டும் அதே விதி: எழுத்துக்கு விலை ஏறினால் செய்தி முன்னே வர வேண்டும்.

2006இல் தோன்றிய ட்விட்டர் 140 எழுத்து என்று வரையறுத்ததும் குறுஞ்செய்தியின் அளவை ஒட்டியே. 2017இல் அதை 280 ஆக்கினர். இன்று பெரும்பாலான சமூக ஊடகங்களில் நீளமாகவே எழுதலாம், இடத்திற்குக் காசில்லை. பிறகு ஏன் முதல் வரிக்கு இவ்வளவு போட்டி?

இதற்கு விடையை ஹெர்பர்ட் சைமன் என்னும் அறிஞர் 1971லேயே கூறிவிட்டார். தகவல் பெருகினால் எது குறையும்? தகவல் எதைத் தின்கிறதோ அது குறையும். தகவல் தின்பது கவனத்தை. கல் காலத்தில் இடம் அரிது. தந்திக் காலத்தில் சொல் அரிது. இன்று கவனமே அரிது. திரையில் முதல் இரண்டொரு வரிகளே தெரிகின்றன. மீதி ‘மேலும்’ என்னும் சொல்லுக்குப் பின்னால் மடிந்து கிடக்கிறது. விரல் நுனியில் அடுத்த செய்தி காத்திருக்கிறது.

எனவே தூண்டில் வரிகள் பெருகின. “அடுத்து நடந்ததைப் பார்த்தால் அதிர்ந்துவிடுவீர்கள்!” என்று தொடங்கும், அழுத்திப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இராது. இத்தகைய தலைப்புகளைக் குறைக்கப்போவதாக 2014 ஆகஸ்டில் முகநூல் நிறுவனம் அறிவித்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தலைப்பை அழுத்திச் சென்றவர் உள்ளே எவ்வளவு நேரம் தங்கினார் என்று அளந்தார்கள். போன வேகத்தில் திரும்பினால் முதல் வரி பொய் சொல்லியிருக்கிறது என்று பொருள்.

செய்தித்தாள் வாங்கியவருக்காவது மறுநாள் வாங்காமல் இருக்கும் உரிமை இருந்தது. ஆனால் அனுப்பியவர் யாரென்றே தெரியாத செய்திக்கு அந்தக் கடிவாளமும் இல்லை. அதனால் விளைந்ததை இனிக் காண்போம்.

ஒரு முதல் வரி உயிரைப் பறித்தது

2018ஆம் ஆண்டு மே மாதம். வடமாநிலங்களிலிருந்து பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்னும் வதந்தி வாட்ஸ்அப் வழியே தமிழகமெங்கும் பரவியது. திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூருக்குச் சென்னையிலிருந்து ஒரு குடும்பத்தினர் குலதெய்வத்தைக் கும்பிட வந்தனர். அவர்களுள் அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் என்று எண்ணிய கூட்டம் அவர்களை அடித்தது. அந்த மூதாட்டி இறந்தார். உடன் வந்தவர்கள் படுகாயமுற்றனர். அதே வாரத்தில் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டிலும் ஒருவர் இதே வதந்திக்குப் பலியானார்.

அவ்வாண்டில் நாட்டின் பல பகுதிகளில் ஒரு காணொளியும் சுற்றியது. இருசக்கர வண்டியில் வந்தவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்வார். உண்மையில் அது குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றிப் பாகிஸ்தானின் கராச்சியில் எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். இறுதியில் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, எச்சரிக்கை வாசகத்தைக் காட்டுவார்கள். யாரோ அந்த இறுதியை வெட்டிவிட்டனர். தலை மட்டும் ஊரூராக ஓடியது. வால் கராச்சியிலேயே தங்கிவிட்டது.

அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப், பிறர் அனுப்பியதை மறுபடி அனுப்பும்போது அதைக் குறிக்கும் அடையாளத்தைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரே வேளையில் ஐந்து பேருக்கு அல்லது குழுக்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு தடுத்தது. 2020இல், பலமுறை கைமாறிய செய்தியை ஒரு வேளையில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. நல்ல முயற்சிகளே. ஆனால் பூட்டுப் போடுவது நிறுவனத்தின் வேலை. சாவி நம் விரலில் இருக்கிறது.

நீங்கள் எழுதும்போது

இதையெல்லாம் படித்துவிட்டு, கவர்ச்சியான முதல் வரியே தீது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வதந்தி உரத்துக் கூவும்போது உண்மை முணுமுணுத்தால் என்ன பயன்? உண்மைக்கும் நல்ல முதல் வரி வேண்டும். ஓர் எடுத்துக்காட்டு பாருங்கள். உங்கள் தெருவில் போலியோ சொட்டு மருந்து முகாமைப் பற்றி ஒரு செய்தி அனுப்ப வேண்டும். மூன்று தொடக்கங்கள்:

1. “அனைவருக்கும் வணக்கம். பொதுமக்களின் நலனைக் கருத்திற்கொண்டு மேற்கொள்ளப்படும் பல்வேறு நலத்திட்டங்களின் ஒரு பகுதியாக…”

2. “அதிர்ச்சி! உங்கள் குழந்தை இனி நடக்கவே முடியாமல் போகலாம்! உடனே பகிருங்கள்!”

3. “உங்கள் வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை உண்டா? ஞாயிறு காலை 7 மணி முதல் நம் தெருப் பள்ளியில் போலியோ சொட்டு மருந்து.”

முதலாவது எழுதுபவரின் மதிப்புக்காக உழைக்கிறது. மெய்க்கீர்த்தியின் பேரன் அது. இரண்டாவது, பரவுவதற்காக உழைக்கிறது. கேட்பவருக்கு அச்சத்தைத் தந்து வழியைத் தரவில்லை. மூன்றாவது தாய்க்காக உழைக்கிறது. யாருக்கு, என்ன, எப்போது, எங்கே என்பது மடிப்புக்கு மேலேயே வந்துவிட்டது. மேற்கொண்டு படிக்காதவருக்கும் பயன் உண்டு. 2014 மார்ச்சில் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றதற்குப் பின்னால், வீடு வீடாகச் சென்று இப்படி நேரடியாகப் பேசிய ஊழியர்களின் உழைப்பும் இருக்கிறது.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் எழுதிய செய்தியின் முதல் வரியை மட்டும் ஒரு தாளில் எழுதி நண்பரிடம் காட்டுங்கள். “இதற்கு அடுத்து என்ன இருக்கும் என்று எதிர்பார்க்கிறாய்?” என்று கேளுங்கள். அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, பிறகு முழுச் செய்தியையும் கொடுங்கள். இரண்டும் ஒத்துவந்தால் உங்கள் முதல் வரி வாக்கைக் காப்பாற்றிவிட்டது. ஒத்துவராவிட்டால் மாற்ற வேண்டியது முதல் வரியைத்தான். அவர் ஒன்றும் எதிர்பார்க்கவில்லை என்றால் வரி உறங்குகிறது; எழுப்புங்கள்.

உங்களுக்கு வரும் செய்திக்கும் இதே சோதனை பொருந்தும். முதல் வரி உங்கள் நெஞ்சைப் படபடக்க வைத்தால் ஒரு கணம் நில்லுங்கள். எந்த ஊர்? எந்த நாள்? யார் சொன்னது? கழுகுமலையில் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தம் ஊரையும் பேரையும் கல்லில் வெட்டி, ‘இதைச் செய்வித்தவன் நான்’ என்று பொறுப்பேற்றார். ஊரும் பேரும் இல்லாமல் ‘உடனே பகிருங்கள்’ என்று மட்டும் கூவும் செய்திக்கு அந்தத் துணிவு இல்லை. அதை உங்களோடு நிறுத்திவிடுங்கள்.

மீண்டும் ஒருமுறை ஆடித் தபசுக் கூட்டத்திற்குச் செல்வோம். பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றிய ஒரு வதந்தி அத்திமூரில் ஒரு மூதாட்டியைக் கொன்றது. ‘மாரிமுத்து, ஐந்து வயது, பச்சைச் சட்டை’ என்று தொடங்கிய செய்தியோ ஒரு தாயைக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவரச் செய்தது. இரண்டும் கவனத்தைக் கவர்ந்தன. அடுத்த முறை நீங்கள் முதல் வரி எழுத உட்காரும்போது, அந்தத் தாய் உங்கள் எதிரில் நிற்பதாக எண்ணிக்கொண்டு எழுதுங்கள்.